நடுச் சதுரம்

வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த மருமகள், கடைசியில் ஒரு துணியை உருவியெடுத்து நீட்டினாள்.

"இதுவா பாருங்க அத்தை."

பாட்டி பார்த்தார். அதேதான். ஆனால் நேற்றுவரை வெள்ளையும் பழுப்புமாக இருந்தது இப்போது ரோஸ் நிறத்தில் இருந்தது. மெஷினின் வாயில் பேரனுடைய புது நீச்சல் டவுசர், செக்கச்செவேலென்று, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை யார் மெஷின்ல போட்டது?"

"நான்தான் அத்தை. டேபிள் மேல கிடந்துச்சு. அழுக்கா இருந்துச்சேன்னு துணியோட துணியா..."

"அழுக்கா? அது அழுக்கு இல்லம்மா. டிசைன்."

மருமகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த எண்ணெய்க் கறையா அத்தை?"

"கறைன்னு சொல்லாத."

"சரிங்க அத்தை."

மாமியார் சொன்னால் மறுபேச்சுப் பேசாத பெண். பாட்டிக்கு அதுவே பெரிய தொல்லை. எதிர்த்துப் பேசுகிற மருமகளாக இருந்தால் இந்நேரம் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருக்கலாம். இவளைத் திட்டினால் அழுவாள். அழுதுகொண்டே போய்ப் பாத்திரத்தையெல்லாம் வேறு கழுவி வைத்துவிடுவாள். அதற்கு மேல் யார் திட்ட முடியும்?

பாட்டி ரோஸ் துணியை மடியில் போட்டுக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

துணிக்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு ஊசிமுனையைத் தெரியாது.

வீட்டில் பாட்டிக்குப் பாட்டி, அத்தை, அம்மா, "இந்தா" என்று நாலு பெயர். வலைப்பூவில் ஒரே பெயர்: சிக்குநூல். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்து வைத்தவர், ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது அவரோடு பேசத்தான் ஆளில்லை. கணவர் நல்லவர். ஆனால் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தபடியே நல்லவர். அதனால் பாட்டி குரோஷா பின்னினார். பின்னியதைப் படம் பிடித்து வலைப்பூவில் போட்டார். முதல் பதிவுக்கு வந்த முதல் பின்னூட்டம் ஊசிமுனையினுடையது: "மூணாவது வரிசையில ஒரு கண்ணி விட்டிருக்கீங்க. மத்தபடி பரவாயில்லை."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஊசிமுனையிடமிருந்து ஒரு வரி வந்துவிடும். பாதி நாள் திட்டு, மீதி நாள் அரைப் பாராட்டு. இருவரும் நேரில் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. ஆனால் பல் தேய்க்கும் முன்னால் பாட்டி தேடுவது அந்த வரியைத்தான். உலகத்தில் காலையில் எழுந்ததும் தன்னை நினைக்கிற ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பது அந்த வயதில் சாதாரணம் இல்லை.

இந்தக் கோடையில் கைவேலை வலைப்பூக்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு போர்வை செய்வதாக ஏற்பாடு. ஆளுக்கு ஒரு சதுரம் பின்னிப் பாட்டிக்கு அனுப்ப வேண்டும். பாட்டி எல்லாவற்றையும் கோர்த்துப் போர்வையாக்க வேண்டும். அது ஒவ்வொருவர் வீட்டிலும் சில நாள் தங்கிச் சுற்றி வரும். விதிகளை எழுதியது ஊசிமுனை. போர்வையை விரிக்கும் நாள்வரை சதுரங்களைப் படம் பிடித்துப் போடக் கூடாது, அதைப் பற்றிப் பின்னூட்டத்தில் ஒரு வார்த்தை எழுதக் கூடாது, யாரும் யாரையும் கேட்கக் கூடாது. நடுச் சதுரம் ஊசிமுனைக்கு என்று கேட்காமலே எல்லாரும் விட்டுக்கொடுத்தார்கள். பின்னலில் அவர் அத்தனை பெரிய ஆள்.

கோபத்திலும் பெரிய ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் பின்னித் தந்த மஃப்ளரை ஒரு தோழி மெஷினில் போட்டுவிட்டு, சுருங்கிப் போனதைச் சிரிப்பு முகத்தோடு பதிவாகவும் போட்டாள். ஊசிமுனை ஒரே வரி எழுதினார்: "என் கையால பின்னினதை மெஷின்ல போட்டவங்களோட எனக்குப் பேச்சில்லை." அவ்வளவுதான். அந்தத் தோழியின் வலைப்பூ இன்றுவரை ஈயோட்டிக்கொண்டிருக்கிறது.

ஊசிமுனையின் பார்சல் வந்தபோது பாட்டி குளித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த பேரனும் பேத்தியும் அதற்குள் பெட்டியைப் பிய்த்து எறிந்திருந்தார்கள். கூடத்தில் ஒரு பக்கம், பெட்டியில் வந்த பழைய காலத்துப் பட்டன்கள் நிறைந்த கண்ணாடிச் சீசாவை மகள் வயிற்றுப் பேத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் மகன் வயிற்றுப் பேரன் தன் பிளாஸ்டிக் டைனோசருக்கு அந்தச் சதுரத்தைப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

பாட்டி அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதலில் ஒன்றுமே புரியவில்லை. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். ஒரு மூலையில் மட்டும் ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மஞ்சள் வட்டம். ஓரத்தில் பிறைநிலா மாதிரி ஒரு கருகல். பாட்டியாலேயே இதைவிட நேராகப் பின்ன முடியும்.

அப்புறம்தான் புரிந்தது. இல்லை, புரிந்ததாகத் தோன்றியது. நேராகப் பின்ன யாரால்தான் முடியாது? இத்தனை கோணலாகப் பின்ன எவ்வளவு துணிச்சல் வேண்டும். மஞ்சள் வட்டம் பகல், கருகல் பிறை இரவு, நடுவில் வாழ்க்கை. ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போவது வயசு. வளையம் என்னவென்று மட்டும் பிடிபடவில்லை. அதை யோசித்தே பாட்டி இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

"ஊசிமுனை அக்கா, பார்சல் வந்தது. பேச்சே வரலை," என்று எழுதினார்.

"சும்மா ஒரு ஞாபகத்துக்கு. மத்ததை நேர்ல பேசிக்கலாம். சனிக்கிழமை மருமகளோட வர்றேன்," என்று பதில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை இதோ வந்துகொண்டிருந்தது. எட்டுச் சதுரங்களும் கோர்த்த போர்வை படுக்கையறையில் நடுவில் ஓட்டையோடு கிடந்தது. ஓட்டையில் உட்கார வேண்டியது பாட்டி மடியில் ரோஸாக இருந்தது.

"என்னம்மா, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டபடி மகள் உள்ளே வந்தாள். பெயின்ட் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை. எதைப் பார்த்தாலும் அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்வாள்.

பாட்டி துணியைக் காட்டினார். மகள் முகர்ந்து பார்த்தாள்.

"சாயம் ஏறியிருக்கு, அவ்வளவுதானே. எறக்கிடலாம். எங்க லேப்ல தினமும் பண்றதுதான்."

"டிசைன் போயிடாதே?"

"எந்த டிசைன்?"

"மஞ்சள் வட்டமும் கருகலும்."

மகள் அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சாயம் மட்டும்தான் எறங்கும்," என்றாள். ஒரு வாளியில் எதையோ கரைத்து, சதுரத்தை முக்கி, மூடி வைத்தாள். "அரை மணி நேரம் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பேத்திக்குத் தலை பின்னப் போனாள். பேத்தி ஆட்டிய ஆட்டத்தில் அரை மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று.

வாளியைத் திறந்தபோது சாயம் இறங்கியிருந்தது. ரோஸ் இல்லை. மஞ்சள் வட்டமும் இல்லை. பிறையும் இல்லை. பாட்டி ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். முனை மட்டும் கையோடு வந்தது. மற்றது அடியிலேயே தங்கிவிட்டது.

"நூல் ரொம்பப் பழசும்மா," என்றாள் மகள். "நல்ல நூலா இருந்தா தாங்கியிருக்கும்."

"உன்னை டிகிரி படிக்க வச்சேன் பாரு."

"அத்தை, என்னாலதான் எல்லாம்," என்று வாசற்படியில் மருமகள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே வாளியைக் கழுவி வைத்தாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அதே மாதிரி இன்னொன்று பின்னிவிடுவது என்று முடிவு செய்தார். மாதிரிக்குப் பேரனின் படம் இருந்தது. படத்தில் முக்கால்வாசி டைனோசர்தான். ஆனாலும் அதன் முதுகிலும் வாலிலும் சதுரம் ஓரளவு தெரிந்தது. வாலுக்கு அடியில் போன பகுதியைப் பாட்டி நினைவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

நூலுக்குத்தான் வழியில்லை. கடைக்குப் போய்ப் பார்த்தார். கடைக்காரர் எடுத்துப் போட்ட வெள்ளையெல்லாம் பளிச்சென்று பல் தேய்த்த வெள்ளையாக இருந்தன.

"பழுப்பு வெள்ளை வேணும். நாள்பட்ட மாதிரி."

"புது நூல்ல பழசு எப்படிம்மா வரும்?" என்றார் கடைக்காரர். நியாயமான கேள்வி. பாட்டிக்கு அதனாலேயே எரிச்சல் வந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது கணவர் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பில், பாட்டி எப்போதோ பருத்தி நூலில் பின்னிக் கொடுத்த கையில்லாத பனியன். துவைத்துத் துவைத்து, காய்ந்து காய்ந்து, அச்சாக அதே பழுப்பு வெள்ளை. பாட்டி அதையே பார்த்தார்.

"என்ன பார்க்கிற?" என்றார் கணவர், மனைவி இத்தனை ஆசையாகப் பார்த்துப் பல காலம் ஆனதால் சற்றுக் கூச்சத்தோடு.

"அதைக் கழட்டுங்க."

"குழந்தைங்க இருக்காங்க."

"பனியனைச் சொல்றேன்."

பனியன் பிரிந்தது. பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு பின்ன உட்கார்ந்தார். அன்றிலிருந்து வீட்டில் வேறெதுவும் நடக்கவில்லை. ஒரு வருஷமாகக் காத்திருந்து எல்லாரும் கூடிய விடுமுறை. ஆற்றுக்குப் போகலாம் என்றிருந்தார்கள், போகவில்லை. கேக் செய்து தருவதாகப் பேத்திக்குச் சொன்ன வாக்கு அப்படியே நின்றது. மருமகள் சமைத்ததை எல்லாரும் ஓசைப்படாமல் சாப்பிட்டார்கள். ஸ்பூன் தட்டில் பட்டால்கூட உள்ளேயிருந்து "எண்ணிக்கை தப்புது" என்று குரல் வந்தது.

நேராகப் பின்னிப் பழகிய கைக்குக் கோணலாகப் பின்ன வரவில்லை என்பது பாட்டிக்கு அப்போதுதான் தெரிந்தது. கை தன்னால் சரியாகப் பின்னும். பாட்டி பிரித்துத் தப்பாக்குவார். அடுத்த வரிசையில் கை மறுபடி சரி செய்துவிடும். எங்கே கண்ணி விட வேண்டும், எங்கே இரண்டைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று டைனோசரின் முதுகைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிற்று. என்ன மேதை இந்த ஊசிமுனை, ஒரு தப்புகூட ஒன்று போல் இன்னொன்று இல்லையே என்று எரிச்சலுக்கு நடுவே ஆச்சரியமாகவும் இருந்தது.

ஒருவழியாகப் பின்னி முடித்தார். மஞ்சள் வட்டத்துக்கு எண்ணெயில் மஞ்சள் குழைத்துக் கிண்ணத்தின் அடியால் ஒற்றினார். அருமையாக வந்தது. பிறைக்காக இரும்புச் சட்டியின் மூடியை அடுப்பில் காய்ச்சி, விளிம்பைச் சதுரத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். அந்த நேரம் பார்த்துக் கணவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். மேலே வெறும் துண்டு.

"இந்தா, ராப்பகலா உட்கார்ந்து பின்னின. அதை எதுக்கு இப்ப எரிக்கிற?"

"எரிக்கலை. டிசைன் போடறேன்."

"புகை வருதே."

பாட்டி திரும்பிக் கணவரை முறைத்தார். முறைத்த நேரத்தில் பிறை பௌர்ணமியாகி, பௌர்ணமி ஓட்டையாகி, ஓட்டை பற்றிக்கொண்டது. கணவர் கையிலிருந்த தண்ணீரை ஊற்றினார். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் சுவருக்கு மேலாக எட்டி, "சார், ஏதாவது ஒத்தாசை வேணுமா?" என்று கேட்டார். "வேண்டாம், வீட்ல பின்னிட்டிருக்காங்க," என்றார் கணவர்.

முதல் சதுரத்துக்குப் பனியனின் முன்பக்கம் போயிருந்தது. இரண்டாவதற்குப் பின்பக்கம் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை, மகன் வேலை முடிந்து பெட்டியோடு வந்து சேர்ந்தபோது வீடு துக்க வீடு மாதிரி இருந்தது. அப்பா துண்டோடு உட்கார்ந்திருந்தார். மனைவியின் கண் வீங்கியிருந்தது. தங்கை அம்மாவோடு பேசவில்லை. குழந்தைகள் ஜாடையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் சிரித்தான்.

"ஒரு துணிதானேம்மா. நடந்ததைச் சொல்லி மன்னிச்சுடுங்கன்னா போச்சு."

"உனக்கு என்னடா தெரியும்? ஆபீஸ்ல உன்கூட நூறு பேர் பேசுவாங்க. ஒருத்தர் போனா இன்னொருத்தர். எனக்கு இருக்கிறது அந்த ஒரு ஆள்தான். அவங்க பேச்சை நிறுத்திட்டா காலையில எந்திரிச்சு நான் எதைப் பார்க்கிறது, உங்கப்பாவோட பேப்பரோட முதுகையா?"

மகன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. கணவர் பேப்பரை மெதுவாக மடித்து வைத்தார்.

இரண்டாவது சதுரத்தில் பிறை சரியாக விழுந்தது. பாட்டி அதைப் போர்வையின் நடுவில் வைத்துத் தைத்தார். பார்க்க அசலேதான். பெருமைப்படக்கூடத் தெம்பில்லை.

சனிக்கிழமை காலையில் எல்லாரையும் கூடத்தில் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். "யாரும் சதுரத்தைப் பத்திப் பேசக் கூடாது. துவைக்கிறது, சாயம், வாளி, ஒண்ணும் வாயில வரக் கூடாது. மெஷின்ங்கற வார்த்தையே கூடாது."

"தையல் மெஷின்?" என்றான் பேரன்.

"எந்த மெஷினும் கூடாது."

"டைனோசர்?" என்றாள் பேத்தி.

"கூடாது."

"அப்ப என்னதான் பேசறது?" என்றார் கணவர்.

"நீங்க எப்பவும் போல இருங்க."

ஊசிமுனை வந்தார். இத்தனை வருஷமாகப் பாட்டி மனதில் வைத்திருந்தது ஆறடி உயரத்தில், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தலைமையாசிரியை. வந்தவர் பாட்டியின் தோள் உயரம்தான். ஒல்லி. வியர்த்திருந்தது. பெரிய துணிப்பை ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கூட வந்த மருமகள் சிரித்த முகம். அத்தையின் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். ஊசிமுனை கொடுக்கவில்லை.

"சிக்கு?" என்றார் ஊசிமுனை.

"வாங்க அக்கா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கட்டிக்கொள்வதா கைகொடுப்பதா என்று தெரியாமல் இரண்டும் இல்லாமல் நின்றார்கள். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். பாட்டியின் மருமகள் காபி கொண்டுவந்தாள். யாருக்கும் எந்த வார்த்தை ஆபத்தில்லாதது என்று தெரியவில்லை.

"வெயில் ஜாஸ்தி," என்றான் மகன்.

"ஆமா, துணியெல்லாம் உடனே காஞ்சுடுது," என்ற மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்ல வாஷிங் மெஷினே இல்ல," என்று பேரன் தானாகவே ஊசிமுனையிடம் சொன்னான்.

அந்தக் கணம் பார்த்துக் குளியலறைப் பக்கத்திலிருந்து மெஷின் வேலை முடிந்ததாகக் கீச்சிட்டது. பாட்டிக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது. இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு ஒரு ஊசியைக்கூட மறைக்க முடியாது என்று பல்லைக் கடித்தார்.

ஆனால் ஊசிமுனை அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. காபியைத் தொடவும் இல்லை. "ஒரு விஷயம் பேசணும்னு எழுதியிருந்தேன்," என்றார். பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தெரிந்துவிட்டது. எப்படியோ தெரிந்துவிட்டது. பாட்டி சட்டென்று எழுந்தார். "முதல்ல போர்வையைப் பார்த்துடுங்க அக்கா. அப்புறம் பேசலாம்."

படுக்கையறையில் கட்டில் நிறையப் போர்வை விரித்திருந்தது. எல்லாரும் பின்னாலேயே வந்து சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஊசிமுனை குனிந்து ஓரத்துச் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். முகம் மலர்ந்தது. பிறகு நடுவுக்கு வந்தார்.

கை அப்படியே நின்றது.

மலர்ந்த முகம் மெல்லச் சிவந்தது. கண்ணில் நீர் கோத்தது. அவருடைய மருமகள் எட்டிப் பார்த்து, "அட," என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஊசிமுனை கையமர்த்தினார்.

"எனக்கு இது வேணும்தான் சிக்கு," என்றார் கடைசியில். "நல்லா வேணும். ஆனா நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கலை. ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருக்கலாம்."

பாட்டிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்தது.

"மன்னிச்சுடுங்க அக்கா. நான் வேணும்னு பண்ணலை. உங்க சதுரம் மெஷின்ல போயிடுச்சு. யார் போட்டாங்கங்கறது முக்கியமில்லை, என் வீட்ல போனது என் தப்புதான். ரோஸ் ஆயிடுச்சு. அதை எடுக்கப் போய்க் கரைஞ்சே போச்சு. இது நகல். இவர் பனியனைப் பிரிச்சுப் பின்னினேன். உங்களை மாதிரி யாரால கோணலாப் பின்ன முடியும்? ஒவ்வொரு தப்பையும் எண்ணி எண்ணிப் போட்டேன். அந்த மஞ்சள் வட்டம், அந்தக் கருகல், அந்த மூலையில இருக்கிற வளையம், எதையும் விடலை. என்கூடப் பேச மாட்டேன்னு சொன்னா நான் கேட்டுக்கறேன். ஆனா உங்களோடது எவ்வளவு பெரிய வேலைன்னு எனக்குத் தெரியும் அக்கா. அதை மட்டும் நம்புங்க."

பக்கத்தில் பாட்டியின் மருமகள் விசும்பினாள். கணவர், இந்த வீட்டில் முதல் முறையாக யாரும் கேட்காமல், "உண்மைதாங்க. சாப்பிடாம உட்கார்ந்து பின்னினா," என்றார்.

ஊசிமுனை நடுச் சதுரத்தைப் பார்த்தார். பாட்டியைப் பார்த்தார். துண்டோடு நின்ற பாட்டியின் கணவரைப் பார்த்தார். உதவிக்குத் தன் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் அத்தையின் கையிலிருந்த பையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னாள்: "அத்தை, இனிமேலாவது அந்த அரைகுறைச் சதுரத்தை வெளியில எடுங்க, இன்னும் முடிக்கலைன்னு எத்தனை நேரம்தான் ஒளிச்சு வச்சுக்கிட்டு நிப்பீங்க? ஆன்ட்டி, நீங்க நடுவுல வச்சுத் தைச்சிருக்கிறது, பட்டன் சீசா உடைஞ்சிடக் கூடாதுன்னு நான் சுத்தி அனுப்பின எங்க வீட்ல சட்டி இறக்குற கரித்துணி."